முதல் மூன்று மாதக் காவல்

அரசு அட்டவணைப்படி குழந்தைக்குப் பெண்டாவேலன்ட் ஊசி முதன்முதலில் போடப்படுவது ஆறாவது வாரத்தில். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்துப் போடும் ஊசி அது. இந்தியாவில் 2011 டிசம்பரில் அதை முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். ஆனால் ஒரு தவணையில் எதிர்ப்பாற்றல் முழுமையாக வந்துவிடாது. பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும் அடுத்த தவணைகள் போட்டாக வேண்டும். அதுவரை, ஏறத்தாழ மூன்று மாதம், இந்நோய்கள் பலவற்றுக்குப் பிள்ளையிடம் போதிய எதிர்ப்பாற்றல் இல்லை. அந்த இடைவெளியைத் தாயும் வீட்டாரும்தான் அடைக்க வேண்டும்.

தாயின் ரத்தத்திலிருந்து

தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகின்றன. அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேர்கிறது. குறைமாதக் குழந்தைகள் எளிதில் நோய்த்தொற்றுக்கு ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாயிடமிருந்து வரும் இந்தக் காவலின் பலனை நம் ஊரில் ரணஜன்னியில் கண்ணாரக் கண்டோம். அரிவாளாலும் பழைய பிளேடாலும் தொப்புள்கொடியை அறுத்த காலத்தில், பிறந்து ஒரு வாரத்துக்குள் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தும், உடம்பு விறைக்கும், இறந்துபோகும். கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசியும் மருத்துவமனைப் பிரசவமும் அந்தச் சாவை அரிதாக்கின. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் தாய்-சேய் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதை உறுதிசெய்தது. கிருமி மண்ணிலேயே இருப்பதால் ஊசியை நிறுத்த முடியாது. இப்போது ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றவருக்கு ஒன்று போதும்.

கக்குவான் இருமல்: விட்டுப்போன இடம்

பெரிய பிள்ளைகளுக்கு வருவதுபோல் கைக்குழந்தைக்கு இந்த இருமல் சத்தத்தோடு வருவதில்லை. சில நேரம் இருமலே இருக்காது. மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலமாகும். 2012இல் இங்கிலாந்தில் இந்நோய் மறுபடி பரவியபோது 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தாய்க்கு உரிய காலத்தில் போட்ட ஊசி, பிறந்த முதல் மாதங்களில் குழந்தையை ஏறத்தாழ 90 சதவீதம் காத்தது.

நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்து சேரவில்லை. அதையும் சேர்த்த ‘டிடாப்’ ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டுக்கொள்ள மகப்பேறு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தை மட்டுமே நம்பி வரும் பெண்ணின் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு வேண்டாமா? பிரசவத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்கும் தமிழ்நாடு இதைத் தன் செலவிலாவது தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஃப்ளூ ஊசியும் இப்படித்தான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அதைப் போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால்தான் பிள்ளைக்கும் காவல்.

கருவுறும் முன்பே போட வேண்டியது

1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்து எழுதினார். காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவையும் அதனால் வரும். ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகளில் இருப்பது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி என்பதால் கர்ப்பத்தில் போடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. போட்டபின் ஒரு மாதமாவது கருவுறாமல் இருக்க வேண்டும். தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை.

முதல் 24 மணி நேரம்

பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி ஊசி. மூன்றாவதைத்தான் தள்ளிப்போடவே கூடாது. பிரசவத்தின்போது இக்கிருமி தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் வரை அதை நெடுங்காலம் சுமக்கிறார்கள். பின்னாளில் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். தாய்க்குத் தொற்று இருந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். கர்ப்பகால ரத்தப் பரிசோதனையைத் தவறவிட்டால் இது தெரியாமலே போய்விடும்.

பி.சி.ஜி. போட்ட கையில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் வந்து, சீழ் வைத்துத் தழும்பாகும். அது இயல்பு. மருந்தோ மஞ்சளோ போட வேண்டியதில்லை.

வீட்டில்

பிறந்த பிள்ளையின் நாவில் முதன்முதலில் இனிப்பைத் தொட்டுவைத்துச் சேனை தொடும் பெரியவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புகிறோம். அந்த ஆசையை மதிக்கலாம். தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் கழுதைப் பாலையும் விட்டுவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதிலுள்ள கிருமி குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கக்கூடும். முதலில் சீம்பால்தான் போக வேண்டும். தொப்புளில் சாம்பலும் பவுடரும் வேண்டாம், ஈரமில்லாமல் வைத்திருந்தால் தானே உலர்ந்து விழும். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதிச் சளி எடுப்பதும் நுரையீரலுக்கு ஆபத்து.

தாயையும் பிள்ளையையும் தனி அறையில் வைத்துப் பலரைச் சேர்க்காத பழைய வழக்கத்தில் தீட்டு என்ற எண்ணத்தைத் தள்ளிவிட்டு, தனிமையை வைத்துக்கொள்ளலாம். இருமலோ காய்ச்சலோ உள்ளவர், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், குணமான பிறகு வந்து பார்க்கட்டும். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உரை மருந்து கொடுத்து விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். நடு இரவானாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.