உங்களுக்குத் தெரியுமா? ஓஎல்இடி திரைக்குள் சிக்கிக்கொள்ளும் வெளிச்சம்

● மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலம் கொண்டதுதான் ஓஎல்இடி. தனி ஏற்பாடு எதுவும் இல்லாத சாதாரண ஓஎல்இடியில் பிறக்கும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மீதி உள்ளேயே அலைந்து வெப்பமாகி வீணாகிறது.

● ஏன் இப்படி? கிணற்றில் குதித்து நீந்தியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். தண்ணீருக்குள் முங்கி, கண்ணைத் திறந்து அண்ணாந்து பாருங்கள். தலைக்கு நேர்மேலே வட்டமாக ஒரு துண்டு வானம் தெரியும். அந்த வட்டத்தைத் தாண்டினால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து, தண்ணீருக்குள் இருக்கும் கிணற்றுச் சுவரையே திருப்பிக் காட்டும். ரொம்பச் சாய்ந்து வரும் ஒளி நீரைவிட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. ஓஎல்இடியிலும் இதுதான் நடக்கிறது. ஒளி பிறக்கும் கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் ஒளி மாட்டிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் உலோக மின்முனையும் தன் பங்குக்கு விழுங்குகிறது.

● 1987இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரும் ஓஎல்இடியை வெளியிட்டார்கள். நூறு எலெக்ட்ரான்களைச் செலுத்தினால், வெளியே வந்த ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், சுமார் ஒன்று!

● ஒளி சிக்கிக்கொள்வது மட்டுமல்ல, அது பிறக்கும்போதே இன்னொரு இழப்பும் உண்டு. கரிமப் படலத்துக்குள் எலெக்ட்ரானும், எலெக்ட்ரான் இல்லாத காலியிடமான நேர்மின் துளையும் சேர்ந்து ஜோடியாகின்றன. குவாண்டம் விதிப்படி நான்கு ஜோடியில் ஒன்றுதான் உடனே ஒளி தரும். மற்ற மூன்றும் ‘மும்மை நிலை’ என்ற முட்டுச்சந்தில் போய் நின்றுவிடும். முக்கால்வாசி மின்சாரம் ஆரம்பத்திலேயே பாழ். பிரின்ஸ்டனின் ஸ்டீபன் ஃபாரஸ்ட், தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்சன் குழுவினர் 1998இல் இதற்கு வழி கண்டார்கள். மூலக்கூறின் நடுவே பிளாட்டினம் போன்ற கனமான அணு இருந்தால் அந்த மூன்றும்கூட ஒளிரும். அடுத்து வந்த இரிடியம் இன்னும் சிறப்பாக வேலை செய்தது. 2001க்குள், சேர்ந்த ஜோடிகளில் கிட்டத்தட்ட அத்தனையையும் ஒளியாக மாற்றிக் காட்டினார்கள். இந்தத் துறையின் மிகப் பெரிய பாய்ச்சல் இதுதான் என்பேன்.

● விலை உயர்ந்த இரிடியம் இல்லாமலே இதைச் சாதிக்க முடியுமா? முடியும். ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழு 2012இல் அதைக் காட்டியது. சிக்கிய ஜோடிகளை அறையின் வெப்பமே உந்தி, ஒளிரும் நிலைக்கு ஏற்றிவிடும் மூலக்கூறுகளை அவர்கள் வடிவமைத்தார்கள்.

● ஒளியை உண்டாக்குவது கைகூடிய பிறகு, அதை வெளியே கொண்டுவரும் வேலைதான் பாக்கி. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி லென்ஸ்களைப் பரப்பினால், சாய்வாக வரும் ஒளியும் தப்பித்து வெளியே வந்துவிடும். 2023இல் எல்ஜி டிஸ்ப்ளே காட்டிய 77 அங்குல டிவி திரையில் ஒரு பிக்சலுக்கு 5,117 லென்ஸ்கள். மொத்தம் 4,240 கோடி!

● மின்மினிப் பூச்சிக்கு இந்த வித்தை முன்பே தெரியும். ‘ஃபோட்டூரிஸ்’ என்ற பேரினப் பூச்சிகளின் வயிற்றில் செதில்கள் ஓட்டுக்கூரைபோல் சாய்ந்து அடுக்கியிருக்கின்றன. அந்த வடிவத்தைப் பார்த்து சாதாரண எல்இடியின் மேல் பூச்சு போட்டதில், வெளிவரும் ஒளி 55 சதவீதம் கூடியது. 2013இல் வெளியான ஆய்வு இது.

● இப்படி இழப்புகளைக் குறைத்து, 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு வாட்டுக்கு 90 லுமன் தரும் வெள்ளை ஓஎல்இடியைச் செய்தார்கள். டியூப்லைட்டுக்கு இணையான திறன்.

● இன்னும் முரண்டு பிடிப்பது நீலம். நீல ஒளியின் ஆற்றல் அதிகம் என்பதால், அதைத் தரும் மூலக்கூறே சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. அதனால் சிவப்பும் பச்சையும் புதிய முறைக்கு மாறிய பிறகும், நான்கில் ஒன்று ஒளிரும் பழைய முறையிலேயே நீலம் நீண்டகாலம் நின்றது.

● உங்கள் போனில் இருப்பது ஓஎல்இடி திரை என்றால் பின்னணியைக் கறுப்பாக்கிவிடுங்கள். முழுக் கறுப்பாகத் தெரியும் இடத்தில் பிக்சல்கள் அணைந்தே கிடக்கும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.