வாடி நாயும் மலையூரும்

நெய்தல் நிலத்திற் பிறந்தவனுக்குக் குறிஞ்சியைக் காணும் வேட்கை இயல்பாகவே உண்டு. அட்டாளைச்சேனையை ஊடறுத்துச் செல்லும் நெடுவீதியிலே தெற்கு நோக்கிப் புறப்பட்டால், அவ்வீதியே நம்மை மலையடிவாரத்தில் விட்டுவிடும். ஏ-4 எனப் பெயரிய அவ்வீதி மட்டக்களப்பிலே தொடங்கி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய முதலிய ஊர்களைக் கடந்து கொழும்புவரை நீள்கின்றது. வகுப்பறையிலே பல்லாண்டு ஐந்திணை கற்பித்த யான், நெய்தல், மருதம், முல்லை, குறிஞ்சி என்னும் நானிலத்தையும் ஒரே பயணத்திற் கண்டது சென்ற சிறுபோக அறுவடைக்குப் பின்னரேயாம்.

என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணாக்கர். இன்று வேளாண்மை செய்பவர். பழைய வான் ஒன்றின் இருக்கைகளை அகற்றி, படுக்கைப் பலகையும் சிறிய அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் அமைத்து, அதனை ஒரு நடமாடும் வீடாக்கியிருந்தார். மேனாட்டார் இதனைக் கேம்பர் வான் என்பர். நம்மவர்க்கு இது முற்றிலும் புதியதன்று. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களுடன் முஸ்லிம் வணிகர் கரையின் உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டுசென்று, பாக்கு முதலியவற்றுடன் மீண்ட காலம் ஒன்றிருந்தது. வழியே உண்டு வழியே உறங்கிய அவர்களின் பேரர்தாமே நாம்!

புறப்படும் வேளையிலே வண்டியின் பின்புறத்தில் ஒரு நாயைக் கண்டு திகைத்தேன். அது மாணாக்கரின் வயல் வாடியிற் காவல் நிற்பது. குட்டியாயிருந்தபோது அதற்குக் 'குருளை' எனப் பெயரிட்டவன் யானே. நாயின் குட்டியைக் குருளை என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. வளர்ந்த பின்னரும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

"அறுவடை முடிந்து வாடியில் ஒருவருமில்லை, சேர். விட்டுவிட்டு வந்தால் மூன்று நாளும் பட்டினி கிடக்கும்," என்றார் அவர்.

யான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவுதல் வேண்டும்; அவற்றுள் ஒரு முறை மண்கலந்த நீரால் கழுவுதல் வேண்டும். காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வளர்த்தல் ஆகும் என்பதையும் அறிவேன். அறிந்தும், மூன்று நாள் அதனோடு ஒரே வண்டியிற் செல்வதை எண்ண மனம் கூசிற்று.

லகுகலைக் காட்டினூடே சென்றபோது யானைகள் சில குளக்கரையிலே மேய்ந்தன. நாலடியார்ப் பாட்டொன்று நினைவுக்கு வந்தது. பழகிய பாகனையும் கொல்லவல்லது யானை. எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கவும் எறிந்தவனை நோக்கி வாலைக் குழைப்பது நாய் என்பது அதன் கருத்து. இதனை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். பின்னே திரும்பிப் பார்த்தேன். குருளை வாலைக் குழைத்தது.

வெல்லவாயவில் நெடுவீதியை விட்டு மலையேறினோம். இடையே ஒரு விடுதியிற் குளிக்கவும் தங்கவும் இடம் கேட்டபோது, நாய்க்கு இடமில்லை என்று மறுத்துவிட்டனர். அவர்மேற் குறை காணேன். காலையில் யானும் அதனையே எண்ணினேன் அன்றோ?

எல்ல, ஏறக்குறைய 1,040 மீற்றர் உயரத்தில் அமைந்த சிற்றூர். அங்கே கண்ட காட்சி எனக்குப் புதியது. கடைவாசல்தோறும் நாய்கள் அச்சமின்றிப் படுத்திருந்தன. அவற்றை உதைப்பாரும் இல்லை, கல்லெறிவாரும் இல்லை. தேநீர்க் கடையொன்றின் வாசலிலே அவற்றுக்கென ஒரு பாத்திரத்தில் நீர் இருந்தது. சிலவற்றின் காதிலே கருத்தடை செய்தமைக்கு அடையாளமான சிறு வெட்டும் காணப்பட்டது.

மலைநாட்டின் நாய் வரலாறு இரக்கத்திலே தொடங்கியதன்று. 1848ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிற் குடியேறியபோது, கப்பலிலே வேட்டை நாய்களைக் கொணர்ந்து மரைகளைத் துரத்திக் கொன்றார். விசர்நாய்க்கடிக்கு அஞ்சி 1893இல் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லுதல் நெடுங்காலம் வழக்காயிற்று. 2006இலேதான் கொல்லாக் கொள்கை அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும் கருத்தடையும் கொலையின் இடத்தைப் பெற்றன. நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டால் நோய் பரவுதல் அறும் என்பது மருத்துவ நூலார் முடிபு. ஆதலின் சோறு வைப்பது மாத்திரம் இரக்கமாகாது; ஊசி இடுவிப்பதும் இரக்கமே.

சிறு விடுதி நடத்தும் சிங்களப் பெருமாட்டி ஒருவர் தம் முற்றத்திலே வண்டியை நிறுத்த இசைந்தார். நாய்க்கும் ஒரு பிடி சோறு கொடுத்தார். அன்றிரவு குருளை வண்டியின் கீழே படுத்தது.

சுபஹுத் தொழுகைக்காக எழுந்து வெளியே வந்தேன். மூடுபனி முற்றத்தை மறைத்திருந்தது. கடற்கரை வெயிலிலே வளர்ந்த அந்நாய் உடல் சுருண்டு நடுங்கிக் கொண்டிருந்தது. தாகித்த நாய்க்குக் கிணற்று நீர் முகந்து கொடுத்தவர் மன்னிப்புப் பெற்ற செய்தியை ஹதீஸிலே படித்திருக்கின்றேன். குகைத் தோழரோடு அவர்தம் நாயையும் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. பாரதத்திலே தருமனும், உடன் மலையேறிய நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான். இவையெல்லாம் அறிந்த யான் ஒரு நாயின் குளிரை நோக்கி வாளா நிற்பதோ?

வண்டியிலிருந்த நெற்சாக்கு இரண்டை எடுத்து அதன்மேற் போர்த்தினேன். அது தலை நிமிர்த்தி என் கையை நக்கிற்று.

கையை உதறவில்லை. முற்றத்துக் குழாயடிக்குச் சென்று, தேயிலைச் சரிவின் செம்மண்ணைக் கரைத்து ஒரு முறையும், வெறும் நீரால் ஆறு முறையும் கழுவினேன். நீர் பனிக்கட்டிபோற் குளிர்ந்தது. பின் வுழூச் செய்து தொழுதேன். தூய்மை பேணுதலும் இரக்கம் காட்டுதலும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல என்பதை ஐம்பது வயதின் மேல், அந்தக் குழாயடியிலே கற்றுக்கொண்டேன். தடுத்தது என் கூச்சமே.

ஊர் மீண்டபின் குருளைக்குத் தடுப்பூசி இடுவித்தோம். எம் வேலியோரத்திலும் இப்பொழுது ஒரு மண்சட்டி இருக்கின்றது. நாள்தோறும் காலையில் அதில் நீர் நிரப்புகின்றேன். மாலைக்குள் அது வெறுமையாகிவிடுகின்றது.