பெட்டிக்குள் எந்த எண்?

“ஆறேழு நாற்பத்திரண்டு” என்று வாய்ப்பாட்டைக் கடகடவென ஒப்பிக்கும் குழந்தைகூட, 6 × ▢ = 42 என்று எழுதிக் காட்டினால் விழிக்கும். சிலர் 42-லிருந்து 6-ஐக் கழித்து 36 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு எண்களைக் கண்டால் ஏதாவது செய்தாக வேண்டும் அல்லவா! வாய்ப்பாடு தெரியாமல் இல்லை. விடையிலிருந்து திரும்பி வந்து பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அதைப் பழக்க, 24 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, மிச்சம் இல்லாமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையாக 24. இரண்டு வரிசை என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு. மூன்று வரிசையில் எட்டெட்டு, நான்கு வரிசையில் ஆறாறு. ஐந்து வரிசை போட்டால் 4 கொட்டை மிஞ்சும். ஆகவே 5 சேராது. அடுத்து ஆறு வரிசை, நந்நான்கு. “இது முன்னாடியே வந்துடுச்சே!” என்று பிள்ளையே சொல்லும். நான்கு வரிசை அடுக்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஆறு வரிசைதான். தேடலை அங்கேயே நிறுத்தலாம். அதற்கு மேல் மிச்சமில்லாமல் சேரும் எந்த எண் வந்தாலும் அதன் ஜோடி முன்பே வந்திருக்கும். 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இவைதான் 24-இன் காரணிகள். வீட்டுப்பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது ஓரத்தில் இருக்கும் 1-உம் 24-உம்தான்.

காரணியையும் மடங்கையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. 48, 72 எல்லாம் 24-இன் மடங்குகள். கையில் 24 கொட்டைதான் இருக்கும்போது வரிசைக்கு 48 எப்படி வைப்பது?

இனி மூன்று வரிசை அடுக்கில், ஒவ்வொரு வரிசையின் முதல் கொட்டை மட்டும் தெரியும்படி மற்றதைத் துண்டால் மூடுங்கள். மொத்தம் 24 என்று சொல்லிவிட்டு, வரிசைக்கு எத்தனை என்று கேளுங்கள். 3 × ▢ = 24 என்பது இதுதான். மூன்றாம் வாய்ப்பாட்டில் 24 வரும் இடம்வரை போனால் விடை 8. 24 ÷ 3 என்றாலும் இதே கேள்விதான். ▢ × 3 = 24, 24 = 3 × ▢ என்று பெட்டியை இடம் மாற்றியும் கொடுங்கள்; எப்போதும் ஒரே இடத்தில் பார்த்த கண், இடம் மாறினால் தடுமாறும்.

எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை என்ற இரண்டையும் மூடி, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 24 என்று கேட்டால்? ஒற்றை விடை கிடையாது. மேலே அடுக்கிய ஜோடிகள் அத்தனையும் விடை. விடுபட்ட எண்ணைத் தேடுவதும் காரணி தேடுவதும் ஒரே வேலை என்பது இங்கேதான் பிள்ளைக்குப் பிடிபடும்.

இது பழகியபின் ஒரு கொட்டையை எடுத்துவிட்டு 23-ஐ அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று, நான்கு என்று எத்தனை வரிசை போட்டாலும் மிஞ்சும். ஒவ்வொன்றாக நிறுத்தினால்தான் உண்டு என்று பிள்ளை அலுத்துக்கொள்ளும்போது, ‘பகா எண்’ என்ற பெயரைச் சொல்லுங்கள்.