கடலூர்ப் போரும் வெர்சாய் ஓவியமும்

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று நீளும் புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் பெரிய போர்க்கப்பல்கள் மோதியதில்லை. பாக் விரிகுடா அவற்றுக்கு ஆழம் போதாதது. தெற்கே ராமர் பாலத் திட்டுகள் வேறு. ஆனால், அந்தக் கப்பல்கள் நடத்திய போர் இந்த மண்ணைத் தொட்டது. ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் புதுக்கோட்டையை ஆண்ட இராய ரகுநாத தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்; பிரெஞ்சுக்காரர் மைசூர்த் தரப்புக்குத் துணைநின்றனர். அதே போரின் கடைசிக் கடற்சண்டை 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே நடந்தது. கடற்படைத் தளபதி சஃப்ரானின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் அவரை எதிர்த்த எட்வர்ட் ஹியூஸின் 18 ஆங்கிலேயக் கப்பல்களும் மாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் குண்டுமாரி பொழிந்தன. இரு தரப்பிலும் தலா நூறு பேர் அளவில் மாண்டனர். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை.

இன்று இந்தச் சண்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எடுத்துப் போடும் படம், கடல் ஓவியர் ஓகஸ்த் ஜுகெலெ 1836-இல் வரைந்தது. அவர் பிறந்ததே 1805-இல். லூயி பிலிப் மன்னர் வெர்சாய் அரண்மனையைப் பிரான்ஸின் புகழுக்கான அருங்காட்சியகமாக மாற்றிவந்த காலம் அது; இந்த ஓவியமும் அந்த அருங்காட்சியகத்துக்கு உரியது. எனவே 1783-இல் என்ன நடந்தது என்பதை விட, 1836-இல் பிரான்ஸ் எதைக் கொண்டாட விரும்பியது என்பதையே இந்த ஓவியம் உறுதியாகச் சொல்கிறது. போர் நடந்த காலத்து ஓவியர்கள் மட்டும் நேரில் கண்டார்களா? ஹியூஸின் சண்டைகளை வரைந்த டொமினிக் செர் லண்டனில் இருந்தபடிதான் வரைந்தார்.

கடல் ஓவியரின் வேலை கப்பலை வரைவது, அவரிடம் ஊர்க்கதை கேட்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். பாயும் கயிறும் பிசகாமல் வரைவது பெரிய கைத்திறன்; அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், சஃப்ரானின் கப்பல்களில் ஆள் போதவில்லை. ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த கடலூர்க் கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி தன் படையிலிருந்து 1,200 பேரை ஏற்றி அனுப்பினார். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். கப்பலேறிப் பழகாத அவர்கள் பீரங்கிப் புகைக்கு நடுவே நின்றதால்தான் அந்த அணிவகுப்பே சாத்தியமாயிற்று. தொலைவிலிருந்து பார்க்கும் ஓவியத்தில் கொடிகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது. அதனால் முழுச் சண்டையும் இரண்டு ஐரோப்பிய அரசுகளின் தனிக் கணக்காகிவிடுகிறது.

சண்டையின் விளைவும் கரையில்தான் தெரிந்தது. தண்ணீர்த் தட்டுப்பாட்டாலும் ஸ்கர்வி நோயாலும் நொந்துபோன ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடலூரை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை கடல்வழித் துணையை இழந்தது. ஓவியத்தை அச்சிடும் நூல்கள் அது வரையப்பட்ட ஆண்டையும் அந்தச் சிப்பாய்களையும் படத்தின் கீழேயே குறிப்பிட வேண்டும்.