முந்நூறா, எழுநூறா?

ஏரியூரில் நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கணினியும் ரேகைக் கருவியும் வைத்திருக்கும் கடை போதும். ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லிவிட்டு விரலை வைத்தால் பணம் கைக்கு வரும். வராத நாளில் கடைக்காரர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “சர்வர் இல்லீங்கம்மா, நாளைக்கு வாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் ‘பரிவர்த்தனை தோல்வி’ என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. ஆனால் பல நாட்களில் சர்வர் நன்றாகவே இருக்கிறது. கோரிக்கைதான் அதுவரை போய்ச் சேர்ந்திருக்காது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்துச் சிற்றூர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு அந்த ‘நாளைக்கு’ என்பது அரை நாள் கூலி. அதனால் விரல் வைத்த பிறகு அந்தக் கோரிக்கை எந்த வழியே போகிறது, எங்கெங்கே நிற்கக்கூடும் என்று தெரிந்துவைத்திருப்பது வீண்வேலை இல்லை.

முதலில் கருவி. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு விளக்கும் ஒரு சிறு கேமராவும் இருக்கின்றன. கண்ணாடிமேல் பதியும் ரேகையை அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற நுணுக்கத்தில் அது படமெடுக்கும். ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற இடங்கள் அந்தப் படத்திலிருந்து குறித்துக்கொள்ளப்படும். ஆரம்ப காலத்தில் இந்தப் படம் அப்படியே கணினிக்குப் போனது. யாராவது அதைச் சேமித்துவைத்து, ஆள் இல்லாதபோது மறுபடி அனுப்பினால் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் 2017-இல் ‘பதிவு செய்யப்பட்ட கருவி’ முறை வந்தது. இப்போது ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாளமும் மின்னணுச் சான்றிதழும் உண்டு. ரேகை 256 பிட் சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவியை ஆதார் ஆணையத்தின் 2048 பிட் பொதுச் சாவி பூட்டுகிறது. திறக்கும் சாவி ஆணையத்திடம் மட்டும்தான். வழியில் எத்தனை கம்பெனி, எத்தனை வங்கி கைமாறினாலும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. ‘எல்-0’ வகைக் கருவியில் இந்தப் பூட்டும் வேலையைக் கணினியில் ஓடும் மென்பொருள் செய்தது. ‘எல்-1’ வகையில் கருவிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பழைய கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று கடைக்காரர்களிடம் சொன்னதற்கு இதுதான் காரணம். செலவு அவர்கள் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த இடம் பிரவுசர். என் பார்வையில் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அதிகம் கவனிக்கப்படாத இடமும் இதுதான். கருவியை வாங்கும்போது ‘ஆர்.டி. சர்வீஸ்’ என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவுவார்கள். அது திரையில் தலைகாட்டாது. பின்னணியில் உட்கார்ந்து 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றில் காதை வைத்துக் காத்திருக்கும். கடைக்காரர் திறந்திருக்கும் வலைப்பக்கம் எங்கோ மும்பையிலோ சென்னையிலோ உள்ள கிளவுட் சர்வரிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் 127.0.0.1, அதாவது ‘இதே கணினி’ என்ற முகவரியில், ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டி “ஆர்.டி. சர்வீஸ் இருக்கிறதா?” என்று கேட்கும். பதில் வந்த போர்ட்டில் ‘கேப்சர்’ என்ற கட்டளையைக் கொடுக்கும். கருவியில் விளக்கு எரிவது அப்போதுதான்.

யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் பயங்கரமான ஏற்பாடு. வெளியிலிருந்து வந்த ஒரு பக்கம் நம் கணினிக்குள் இருக்கும் மென்பொருளோடு பேசுகிறது. எல்லாப் பக்கங்களுக்கும் இந்த உரிமை இருந்தால், சினிமாப் பாட்டு இறக்கப் போன தளம்கூட ரேகைக் கருவியைத் தட்டிப் பார்க்கும். ஆகவே ஓரிடத்துப் பக்கம் இன்னோரிடத்து விவரத்தை எடுக்கக் கூடாது என்ற விதியை 1995-இலேயே நெட்ஸ்கேப் பிரவுசர் கொண்டுவந்தது. இன்றுவரை எல்லாப் பிரவுசரும் அதைக் காக்கின்றன. விலக்கு வேண்டுமானால் எதிர்ப்பக்கம் வாய் திறந்து அனுமதி தர வேண்டும். இந்த அனுமதி முறைக்கு ‘கோர்ஸ்’ என்று பெயர். ‘கேப்சர்’ என்பது வலை உலகின் வழக்கமான கட்டளை இல்லை என்பதால், பிரவுசர் அதை நேரே அனுப்பாமல் முன்னால் ஒரு ‘ஆப்ஷன்ஸ்’ கோரிக்கையை அனுப்பி, “இன்ன தளத்துப் பக்கம் இந்தக் கட்டளையைக் கொடுக்கலாமா?” என்று கேட்கும். ஆர்.டி. சர்வீஸ் சரியான தலைப்பு வரியோடு பதில் சொன்னால்தான் உண்மையான கட்டளை புறப்படும். பதிலில் அந்த வரி இல்லாவிட்டால் பிரவுசரே நிறுத்திவிடும்.

புதிதாக நிரல் எழுதுகிறவர்களைத் தலை சொறிய வைப்பது இதுதான். ‘போஸ்ட்மேன்’ போன்ற சோதனைக் கருவியில் அதே கோரிக்கை அழகாக வேலை செய்யும். பிரவுசரில் சிவப்பு எழுத்தில் பிழை வரும். கோளாறு ஏபிஐ-யில், அதாவது மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாசலில், என்று நினைத்து அதையே இரண்டு நாள் நோண்டுவார்கள். போஸ்ட்மேனுக்கு இந்த விதியே கிடையாது, பிரவுசருக்கு மட்டும்தான் உண்டு என்பது தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. எஃப்-12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் எந்தக் கோரிக்கை கிளம்பியது, எது தடுக்கப்பட்டது என்று வரிசையாகத் தெரியும். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று எந்த கிளவுட் ஏபிஐ-யைப் பிரவுசரிலிருந்து கூப்பிட்டாலும் இதே கதைதான்.

அண்மைக் காலக் குரோம் பதிப்புகள் இன்னொரு கதவையும் வைத்துவிட்டன. வெளித்தளம் ஒன்று உள்நெட்வொர்க்கையோ இதே கணினியையோ தொட முயன்றால், அனுமதிக்கலாமா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? கை போன போக்கில் ‘பிளாக்’ அழுத்திவிட்டால், அடுத்த நொடியிலிருந்து ‘கருவி கிடைக்கவில்லை’ என்று பக்கம் புலம்பும். கேபிளை மாற்றுவார்கள், கருவியையே மாற்றுவார்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்துச் சின்னத்தைத் தொட்டு, அந்தத் தளத்தின் அனுமதியைத் திருத்தினால் முடிந்தது.

கருவிப் பக்கத்துக் கோளாறுகளுக்கு ஆதார் ஆணையம் எழுநூறு வரிசையில் எண்கள் கொடுத்திருக்கிறது. 700 என்றால் விரல் வைக்கும் நேரம் கடந்துவிட்டது. 710 என்றால் கருவியை வேறொரு மென்பொருள் பிடித்துவைத்திருக்கிறது. இரண்டு கம்பெனிகளின் சேவையை ஒரே கணினியில் வைத்திருக்கும் கடைகளில் இது சகஜம். 720 என்றால் கருவி தயாராக இல்லை. கருவி தரும் எண் எழுநூறில் தொடங்கினால் கோரிக்கை ஏரியூரை விட்டே கிளம்பவில்லை.

முந்நூறில் தொடங்கினால் விஷயம் வேறு. 300 என்றால் கோரிக்கை முழுத் தொலைவும் போய், பூட்டுத் திறக்கப்பட்டு, ஒப்பிட்டுப் பார்த்து, ‘ரேகை பொருந்தவில்லை’ என்று பதில் திரும்பியிருக்கிறது. மண்வெட்டியும் கல்லும் தேய்த்த கைகளுக்கு இந்த எண் வாடிக்கை. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைக்கலாம். கண் கருவியோ முகம் பார்க்கும் செயலியோ அந்தச் சேவையில் உண்டென்றால் அதற்கு மாறலாம். ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்றுக்கு 2021 முதல் முகமே போதும். 330 வந்தால் விரல்மேல் குற்றமில்லை. ஆதார்தாரர் தன் உயிர் அடையாளங்களைத் தானே பூட்டிவைத்திருக்கிறார்; பேரன் யாராவது பாதுகாப்புக்கென்று செல்போனில் செய்துவைத்திருப்பான்.

ஐந்நூறு வரிசையில் எனக்குப் பிடித்தவை 561, 562. கோரிக்கையில் குறித்த நேரம் மிகப் பழையது என்பது முதல் எண். எதிர்காலத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. ரேகை எடுத்த கணத்தைக் கணினியின் கடிகாரம்தான் முத்திரையிடுகிறது. பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அகலத்தில் ‘2032’ என்ற பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி சில வருடம் பின்னால் குதித்துவிடும். பிரவுசரும் உடனே தளத்தின் சான்றிதழை நம்ப மறுக்கும். கிளவுட் ஏபிஐ-களும் அப்படியே: அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்-3, கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் கையெழுத்து சரியாக இருந்தாலும் திருப்பி அனுப்பும். நேரத்தைச் சரிசெய்து பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

565 கடைக்காரரின் கையில் இல்லை. அது இடையிலுள்ள நிறுவனத்தின் உரிமச் சாவி காலாவதியானதைச் சொல்கிறது. அந்தச் சாவி ஏன் கடையின் பிரவுசரிலேயே இருக்கக் கூடாது? பிரவுசருக்கு வந்துவிட்ட எதையும் எஃப்-12 அழுத்திப் படித்துவிடலாம் என்பதால்தான். எனவே கடையின் கோரிக்கை முதலில் சேவை நிறுவனத்தின் சர்வருக்கும் வங்கிக்கும் போய், அங்கிருந்து தேசியக் கட்டண நிறுவனம் வழியாக, பொது இணையத்தைத் தொடாத தனித் தடத்தில், பெங்களூரிலும் மானேசரிலும் உள்ள ஆதார் தரவு மையத்துக்குப் போகிறது. பொதுவான கிளவுட் வழக்கில் இதே குடும்பத்து எண்கள் 401, 403. நீ யாரென்று நிரூபணமாகவில்லை என்பது 401. நீ யாரென்று தெரியும், உனக்கு இங்கே அனுமதியில்லை என்பது 403. முன்னதற்குச் சாவியையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், பின்னதற்கு உரிமைப் பட்டியலை. அதே வழக்கில், நிஜமாகவே ‘சர்வர் இல்லை’ என்றால் வருவது 503.

இந்த எண்களைக் கடைக்காரர் கண்ணுக்குக் காட்டாமல் எல்லாவற்றையும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகிற மென்பொருளை எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். அவர்கள் காட்டாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருந்தால், ஆணையத்தின் தளத்தில் ஓ.டி.பி. கொடுத்து, கடந்த 6 மாதத்தில் நம் ஆதாரைச் சரிபார்த்த விவரங்களை எடுக்கலாம். ஒரு தடவைக்கு 50 பதிவு வரை வரும். தோற்றுப்போனவற்றுக்கு எதிரே பிழை எண் இருக்கும். நேற்று கடையில் விரல் வைத்தது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை என்றால், கோரிக்கை ஆதார் மையத்தின் வாசலைத் தொடவே இல்லை. தேட வேண்டியது கடைக் கணினியிலும் இடையிலுள்ள நிறுவனங்களிலும்தான்.