மூச்சுக்குக் காவல் நிற்பவை

மூச்சை அடக்கிக்கொண்டு மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஐம்பதைத் தாண்டுவதற்குள் நெஞ்சு முட்டும். எத்தனை வைராக்கியக்காரரானாலும் கடைசியில் வாயைத் திறந்தே ஆகவேண்டும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை; ரத்தத்தில் இன்னும் தாராளமாகவே இருக்கிறது. வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துபோன கரியமில வாயுதான் உள்ளே மணியை அடித்துவிட்டது. பிடரிக்கு உட்புறம், மூளையின் அடித்தண்டில், இதற்கென்றே சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வாயுவால் அமிலம் துளி கூடினாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். நாம் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. தாயின் வயிற்றிலேயே இந்தக் காவலை அமர்த்தி அனுப்பியவனை என்னவென்று சொல்வது!

அந்த மணி காரணமில்லாமல் அடித்தால்?

பஸ்ஸில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, உயிர் போகப்போகிறது என்று தோன்றுகிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்குகிறது. ஹார்ட் அட்டாக் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இசிஜி நார்மல். இது திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போதோ என்கிற பயமே வாழ்க்கையாகிப்போவதைத்தான் பேனிக் டிஸார்டர் என்கிறார்கள். மூச்சுத் திணறலுக்கான அபாய மணி, திணறல் இல்லாதபோதும் அடித்துவிடுவதே இதன் வேர் என்று அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் 1993இல் எழுதினார். கதை முழுவதும் அதுவல்ல. ஆனால் அதற்குப் பக்கபலமான ஒரு சங்கதி என்னை வெகுநாள் வியக்கவைத்தது.

மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒன்று உண்டு. பயத்தின் இருப்பிடம் அதுவே என்பார்கள். அமெரிக்காவின் அயோவாவில், அரிய நோயொன்றால் இருபுறமும் அது அழிந்துபோன ஒரு பெண்மணி. ஆய்வேடுகளில் எஸ்.எம். என்ற எழுத்துகள்தான் அவர் பெயர். பாம்பைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தவர். 2013இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். சில நொடிதான். முகமூடியைக் கழற்றும்படி கையை வீசி, உதவிக்குக் கத்திவிட்டார். அதே மாதிரி அமிக்டலா இழந்த வேறு இருவரும் பீதியில் நடுங்கினார்கள். பாம்புக்கு அஞ்சாதவர் ஒரு மூச்சுக்கு அஞ்சினார் என்றால், இந்தக் காவல் அமிக்டலாவையும் நம்பியிருக்கவில்லை.

பேனிக் டிஸார்டர் உள்ளவர்களில் பலருக்கு அந்த ஒரு மூச்சே போதும், மணி அடித்துவிடும். அதைவிட ஆச்சரியம், அவர்களுடைய ரத்த உறவுகளுக்கும், பீதியே கண்டிராதவர்களாக இருந்தும், மற்றவர்களைவிட அது எளிதாக அடிக்கிறது. மணியின் கூர்மை வம்சத்தில் வருகிறது. நாடகத்தின் மீதிப் பாதியை நடத்துவது மனசு. 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதை அழகாகப் பிடித்தார்: படபடப்பை மாரடைப்பு என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம், அந்தப் பயத்தில் படபடப்பு கூடுகிறது, கூடியதைக் கண்டு இன்னும் பயப்படுகிறோம். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, தலை சுற்றுகிறது, விரல் நுனி மரக்கிறது. பயத்துக்குப் புதுசாக ஒரு சாட்சி! அதிகப்படியான காப்பியும் தூக்கமில்லாத இரவுகளும் நெருங்கியவரின் சாவும் இதற்கு எண்ணெய் ஊற்றும்.

அவதிப்படுகிறவரிடம் போய் இதை அதிசயம் என்றால் அடிக்க வருவார், நியாயம்தான். ஆனாலும் படைப்பில் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இந்தக் காவல் இல்லாமலே பிறக்கிற குழந்தைகள், மிக அபூர்வமாக, இருக்கிறார்கள். கரியமில வாயு எவ்வளவு ஏறினாலும் அவர்களுக்குத் திணறல் தெரியாது, பயமும் தெரியாது. கண் அசந்தால் மூச்சு மெல்ல அடங்கிப்போகும். அவர்கள் உறங்கும் நேரமெல்லாம் கட்டிலருகே ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, விடியும்வரை.