வீட்டுக் குளிரூட்டியின் செயல்திறன்

வீட்டுக் குளிரூட்டியின் செயல்திறன் என்பது, குளிரூட்டி (ஏசி) அறையிலிருந்து அகற்றும் வெப்பத்துக்கும் அதற்காகச் செலவிடும் மின்னாற்றலுக்கும் இடையிலான விகிதம் ஆகும். முறையான பராமரிப்பினால், புதிய கருவி வாங்காமலேயே இவ்விகிதத்தை மேம்படுத்தலாம். அறைக்குள் வரும் வெப்பத்தைக் குறைத்தால் மின்செலவு மேலும் குறையும்.

இயங்கும் முறை

குளிரூட்டி குளிரை உருவாக்குவதில்லை; அறையின் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. உட்புறச் சுருளில் குளிர்பதனப் பொருள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அமுக்கி அவ்வாவியை அழுத்தி வெளிப்புறச் சுருளுக்கு அனுப்ப, அங்கு அது வெப்பத்தை வெளிவிட்டு மீண்டும் நீர்மமாகிறது. இரு சுருள்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு கூடக்கூட அமுக்கியின் வேலையும் கூடும். சுருள்களின் மீது காற்றோட்டம் தடைப்பட்டால் இவ்வேறுபாடு பெருகும்.

பராமரிப்பு

* வடிகட்டி: தூசி படிந்த வடிகட்டி காற்றோட்டத்தைக் குறைக்கும். மின் இணைப்பைத் துண்டித்த பின் கழற்றி, நீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்தலாம்.
* வெளிப்புற அலகு: இதனைச் சுற்றிப் பொருள்களை அடுக்கலாகாது. வெளியேறும் வெப்பக் காற்று மீண்டும் உள்ளிழுக்கப்படாதவாறு திறந்த இடம் வேண்டும்.
* குளிர்பதனப் பொருள்: இது மூடிய சுற்றில் இயங்குவதால், எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. அளவு குறைந்தால் கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்புவது வீண்செலவு. சூழலுக்கும் அது கேடு: ஆர்-410ஏ என்னும் குளிர்பதனப் பொருள், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடை விட ஏறத்தாழ 2,000 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆகவே இப்பணியைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

வெப்ப வரவைக் குறைத்தல்

கண்ணாடியைக் கடந்து வந்த வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். எனவே மேற்குச் சன்னல்களுக்கு உட்புறத் திரைச்சீலையை விட, வெளியே கட்டும் மூங்கில் தட்டி கூடுதல் பயன் தரும். மொட்டைமாடியில் வெண்ணிறப் பூச்சு பூசினால் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். கதவிடுக்குகளை அடைப்பதால் வெப்பத்துடன் ஈரப்பதமும் உட்புகாது.

வெப்பநிலைத் தேர்வு

வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்தினால் ஏறத்தாழ 6% மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய அரசின் ஆற்றல் திறன் பணியகத்தின் மதிப்பீடு. இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிரூட்டிகளின் தொடக்க அமைப்பு 24 பாகையாக இருக்க வேண்டும் என்னும் விதி 2020 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பயனர் இதனை மாற்றிக்கொள்ளலாம்.

16 பாகையில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பது, மாறா வேக அமுக்கி உள்ள குளிரூட்டிகளைப் பொறுத்தவரை தவறான கருத்தாகும். அமுக்கி ஒரே வேகத்தில்தான் இயங்கும். நீண்ட நேரம் இயங்குவது மட்டுமே வேறுபாடு. மின்விசிறி காற்றைக் குளிர்விக்காவிடினும், வியர்வையை விரைந்து ஆவியாக்குவதால் 26 பாகையிலும் உடலுக்கு இதமளிக்கும். ஆளில்லா அறையில் அதனால் பயனில்லை.